சிட்டுக்குருவி புழு பிடித்த கதை

அந்தக் காலத்தில், பறவையும் பூச்சியும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, சிட்டுக்குருவிகள் தானியத்தைத் தவிர வேறெதையும் அலகால் தொட்டதில்லை. நெல், கம்பு, தினை. குஞ்சுகளுக்கும் அதையே நுணுக்கி ஊட்டின. குஞ்சுக்குச் சிறகு முளைக்க ஒரு கோடை முழுவதும் ஆகும். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை.

ஓர் ஊரில் கல் கட்டிய கிணறு ஒன்று இருந்தது. அதன் உள்சுவரில் இரண்டு பொந்துகள். மேலே ஒரு மைனாக் குடும்பம். கீழே ஒரு குருவிச் சோடி. ஆண்குருவிக்குத் தொண்டை கறுப்பாக இருந்ததால் கருந்தொண்டன் என்று பெயர். பெண் தவிட்டு நிறம், தவிட்டாள் என்றார்கள். அந்த வருடம் களத்துமேட்டில் யார் பெரியவன் என்று சண்டை போட்டே கருந்தொண்டன் கோடையைக் கழித்துவிட்டான். கூடு கட்டத் தாமதமாகி, மூன்று குஞ்சுகள் பொரித்தபோது மழையே வந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

மைனாக் குஞ்சுகள் பின்னால் பொரித்தவை. ஆனாலும் அவை இறக்கை அடித்துப் பழகிக்கொண்டிருந்தன. தவிட்டாளின் மூன்றும் வெற்றுத் தோலோடு, வயிறு மட்டும் உப்பிக் கிடந்தன.

"ஏங்க, வயிறு நிறைஞ்சுதான் இருக்கு. சதை பிடிக்கலையே" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் கம்பு கொடு."

"வாங்கிக்க வயித்துல இடம் இல்லீங்க."

மேல் பொந்திலிருந்து ஆண்மைனா எட்டிப் பார்த்தான். "தங்கச்சி, புழுவைப் பிடிச்சுப் போடு. ஓடியாடத்தான் தானியம். சதையையும் சிறகையும் கட்டுறது புழு பூச்சிதான்."

கருந்தொண்டன் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டான். "நாங்க களத்துமேட்டுக் குடும்பம். நெளியிறதை வாயில வைக்கமாட்டோம்."

"உன்னை யாரு தின்னச் சொன்னா மாப்பிள்ளே? நீ வளர்ந்து முடிஞ்சவன். இறக்கை முளைக்க வேண்டியது உனக்கா, அதுகளுக்கா?"

"கரகரன்னு குரலைப் பாரு. புழு தின்ன குரல்!"

மைனா சிரித்துக்கொண்டே பறந்துபோனான்.

மறுநாள் தண்ணீர் இன்னும் இரண்டு கல் உயரம் ஏறியிருந்தது. கருந்தொண்டன் களத்துமேட்டுக்குப் போன பிறகு, தவிட்டாள் அவரைக் கொடிக்குப் போனாள். இலை மேல் பச்சைப் புழு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. குருவிதானே என்று அது ஒளியக்கூட இல்லை.

"என்ன குருவி, இங்கே ஏது நெல்லு?" என்று கேட்டது.

தவிட்டாள் அருகே தத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு கொத்தினாள்.

அதற்குப் பிறகு கணவன் கிளம்புவதற்காகவே காத்திருந்தாள். புழு, வெட்டுக்கிளி, எட்டுக்கால் பூச்சி என்று கிடைத்ததையெல்லாம் ஊட்டினாள். மழை விட்டுவிட்டுப் பெய்ததால் தண்ணீரும் மெதுவாகவே ஏறியது.

ஒரு காலை, கூட்டு வைக்கோலில் கருந்தொண்டன் எதையோ கண்டான்.

"என்ன இது?"

"கால்."

"யாரோட கால்?"

"வெட்டுக்கிளியோட கால்."

அவன் திட்ட வாயைத் திறந்தான். அப்போது பெரிய குஞ்சு உடம்பைத் திருப்பியது. இறக்கை ஓரத்தில் முள் முள்ளாய் வந்த குருத்து விரிந்து, நிஜச் சிறகாகவே நின்றது. பக்கத்துக் குஞ்சுக்கும் அப்படியே. மூன்றாவதற்கு மட்டும் பாதிதான்.

தவிட்டாள் சொன்னாள்: "ரெண்டைத் தேத்திட்டேன். மூணாவதுக்கு நான் ஒருத்தி அலைஞ்சு பத்தல. தண்ணி ஒரு கல் கீழே நிக்குது. திட்டுறதுன்னா அப்புறமாத் திட்டுங்க. இப்போ போய் ஒண்ணு பிடிச்சுட்டு வாங்க."

கருந்தொண்டன் வெளியே போனான். வெகுநேரம் கழித்துத் திரும்பியபோது, அலகின் நுனியில், படக்கூடாதது பட்டுவிட்டதுபோல ஒரு புழு தொங்கியது. கிணற்று விளிம்பில் உட்கார்ந்து இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். பிறகு விருட்டென்று பொந்துக்குள் நுழைந்தான்.

"மாப்பிள்ளே, வாயில என்ன பச்சையா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"கம்பங்கதிரு!"

"கதிரு நெளியுது போல."

அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். ஆனால் அன்று மாலைக்குள் கருந்தொண்டன் இன்னும் பல கதிர்கள் கொண்டுவந்தான். அடுத்தடுத்த நாட்களிலும் கொண்டுவந்தான்.

தண்ணீர் பொந்துக்குள் புகுந்து வைக்கோலை நனைத்த காலையில் மூத்தது பறந்தது. இரண்டாவது பறந்தது. மூன்றாவது குஞ்சு கால் நழுவி விழுந்தது. தவிட்டாள் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். வயிறு தண்ணீரில் பட்ட பிறகுதான் அதன் இறக்கை விரிந்தது. தத்தித் தத்தி மேலேறி, கிணற்று விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்து உடம்பை உதறியது. அந்தத் துளிகள் தவிட்டாளின் முகத்தில் தெறித்தன. அவள் அவற்றைத் துடைத்துக்கொள்ளாமல் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்போ திட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?" என்றான் கருந்தொண்டன்.

அன்று முதல்தான், நெல்லும் கம்பும் பொறுக்கி வாழும் சிட்டுக்குருவி, குஞ்சுக்கு இறக்கை முளைக்கும்வரை புழுவும் பூச்சியும் தேடி ஊட்டுகிறது; அலகில் புழு இருக்கும்போது மட்டும் நேரே கூட்டுக்குள் போகாமல், எட்ட உட்கார்ந்து, இடமும் வலமும் பார்த்துவிட்டு நுழைகிறது.