காத்தாயியின் கலிக்கம்

சத்தியம், சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் மீசை உதிர்ந்து போகட்டும்!

பாம்பு பிடிக்கும் காத்தாயியின் குடிசை நிலத்தின் மேல் மிராசுதார் திருவேங்கடத்துக்கு ஒரு கண். ஒருநாள் கட்டிலில் விழுந்து, "உன் பாம்பு என்னைக் கடிச்சிடுச்சு! குடிசையைப் பிரிச்சுக்கிட்டு ஊரை விட்டே ஓடு!" என்று அலறினார். ஊரே கூடிவிட்டது.

காத்தாயி அசையவில்லை. வேப்பங்கொழுந்தை நீட்டினாள். "மெல்லுங்க சாமி. விஷம் ஏறினவங்களுக்குக் கசப்பே தெரியாது."

மிராசுதார் கண்ணில் நீர் முட்ட மென்றுவிட்டு, "கல்கண்டா இனிக்குதுடி!" என்றார்.

"ஐயோ, அப்போ தலைக்கே ஏறிடுச்சு. கலிக்கம்தான் விடணும்."

"அது என்னடி கலிக்கம்?"

"விஷத்துல மயங்கினவங்களை எழுப்பக் கண்ணுல பிழியற மருந்து சாமி. மிளகும் இஞ்சியும் இடிச்சது. அண்ணே, ஐயாவைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிங்க!"

ஊர்க்காரர்கள் ஆசை ஆசையாய் அமுக்கினார்கள். மருந்து முடிச்சு கண்ணுக்கு நேராக வந்தது.

"விடுங்கடா! என்னைப் பாம்பும் கடிக்கலை, பூரானும் கடிக்கலை!" என்று துள்ளியவர் தெருக்கோடியில் போய்த்தான் நின்றார். வேட்டி கட்டிலிலேயே கிடந்தது.

"மருந்து படறதுக்கு முன்னாடியே குணமாயிட்டீங்களே சாமி!" என்று காத்தாயி கத்தினாள். "என் குடிசை இங்கேதான் இருக்கும். மறுபடி கடிச்சா வாங்க, இடிச்சே வச்சிருக்கேன்!"

நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். எனக்கு இன்றைக்கும் மத்தியானச் சாப்பாடு மிராசுதார் வீட்டில்தான்.