மூன்றாவது வரிசைக் கம்பி

மடத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தாழ்வான கல் வளைவுக் கூரை போட்டார்கள். கல்லில் துளையிட்டு, வரிசைக்கு ஒரு எஃகுக் கம்பி கோத்து, வளைவின் பாரத்தில் இரண்டு சுவரும் வெளியே சாயாமல் இழுத்துப் பிடிக்கும் முறை.

குரு, பொறியாளர் தில்லைநாயகி. சீடர், கல்தச்சர் ஏகாம்பரம். சீடர் குருவைவிட இருபது வயது மூத்தவர். இந்த வயதில் கற்றுக்கொள்ள வந்ததே பெரிய விஷயம் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

கூரையைத் தாங்கும் முட்டுக்கட்டைகளை உருவும் நாளில் கட்டியவர் அதற்குக் கீழே நிற்கவேண்டும் என்பது கல்தச்சர்கள் வழக்கம். ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசைக்குக் கீழே போய் நின்றார்.

தில்லைநாயகியும் போய்ப் பக்கத்தில் நின்றார்.

“அம்மா, நீங்க வெளிய நில்லுங்க.”

“சொல்லிக் கொடுத்தவ நான். நானும்தான் நிக்கணும்.”

“அப்ப ஏழாவது வரிசைக்குப் போங்க.”

“ஏன், இதுக்கு என்ன?”

அதற்குள் முட்டுக்கட்டையைத் தட்ட வேலையாள் ஒருவர் சுத்தியலை ஓங்கினார்.

“தட்டாதப்பா!” என்று கத்தினார் ஏகாம்பரம்.

பிறகு சொன்னார். மூன்றாவது வரிசையில் கம்பி இல்லை. நடுக்கற்களில் துளையே போடவில்லை. முழுக் கம்பி ஓடுவதுபோல் தெரிய, இரண்டு நுனியிலும் முழ நீளக் கம்பித் துண்டைச் சொருகி, வெளியே நட்டைப் போட்டு முறுக்கி வைத்திருக்கிறார்.

“எதுக்கு அய்யா?”

“எங்கப்பா கட்டின மண்டபத்துல குண்டூசி அளவு இரும்பு கிடையாதும்மா. கல்லு தானா நிக்கும்னு காட்ட நினைச்சேன். நின்னப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லலாம்னு இருந்தேன்.”

சொல்லும்போதே அவருக்குக் காது சுட்டது. வேலையாட்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தான் கீழே நிற்பதை வீரம் என்று நினைத்திருந்தார். இப்போது அது வெறும் வீம்பாகத் தெரிந்தது. இலை போட்டு இருநூறு பேர் உட்காரப்போகும் இடம்.

“அந்த மண்டபத்துச் சுவர் எவ்வளவு கனம்?”

“நாலு அடி.”

“இது?”

“முக்கால் அடி.”

அதற்கப்புறம் அவரால் தலைநிமிர முடியவில்லை. உளிப்பையைத் தேடி எடுத்தார்.

“நான் போயிடறேம்மா. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இங்க நிக்கறது?”

தில்லைநாயகி அதற்குள் சாரத்தில் ஏறியிருந்தார்.

“இந்த வரிசையைப் பிரிச்சு இறக்க ஆறு பேர் வேணும் அய்யா. தனியா நின்னது போதும். வந்து ஒரு பக்கம் பிடிங்க.”