எங்க ஆட்சியில ஏறின கோடு

"டீச்சருங்க, அவங்க ஜெயிச்சா மார்க்கெட் விழுந்துருமுங்க. எல்லாத்தையும் வித்துப் போட்டுறலாமுங்களா?"

படி ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்பே சென்னியப்பன் கேட்டார்.

பூங்கோதை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வடவள்ளியில் ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்கு மேல்மாடியில் பங்குச் சந்தை வகுப்பு எடுப்பவள் அவள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவளிடம் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்.

"யாருங்கண்ணா அவங்க?"

"அவங்கதானுங்க."

எதிர்க்கட்சியின் பெயரைச் சென்னியப்பன் வாயால் சொல்லமாட்டார். இரும்பு வார்க்கும் ஃபவுண்ட்ரியில் சூப்பர்வைசராக இருந்தவர். வேட்டிக் கரையிலிருந்து கைக்கடிகாரப் பட்டை வரை எல்லாம் அவருக்குக் கட்சி நிறம்.

"விழும்னு எப்படித் தெரியுமுங்க?"

"எப்பவும் அப்படித்தானுங்க. எங்காளுக இருந்தா ஏறும். அவங்க வந்தா எறங்கும். எத்தன வருசமாப் பாக்கறேன்!"

"அர்த்தநாரியண்ணா என்ன சொல்றாரு?"

சென்னியப்பனின் முகம் சுருங்கியது.

அர்த்தநாரி அவருடைய சம்பந்தி. மருமகளைப் பெற்றவர். அந்த 'அவங்க' கட்சியில் ஊறியவர்.

பேத்தி இதழினி பிறந்தபோது, அவள் படிப்புக்கென்று தாத்தாக்கள் இருவரும் சேர்ந்து பங்கு வாங்கிப் போட்டார்கள். இருவர் பெயரிலும் ஒரே கணக்கு. விற்பதானாலும் வாங்குவதானாலும் இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு அப்படி ஒரு ஒற்றுமை.

தேர்தல் நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் பேச்சு தடித்தது. அர்த்தநாரி பாதி இலையில் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. ஒன்றாக வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவர்கள், ஒருவர் செவ்வாய்க்கிழமையும் மற்றவர் வெள்ளிக்கிழமையும் வர ஆரம்பித்தார்கள்.

பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தது. மருமகள் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டாள். "கட்சியையும் கூட்டிட்டு வரதா இருந்தா, ரெண்டு பேருமே வராதீங்க."

"அந்தாளு கையெழுத்துப் போடமாட்டேங்கறாருங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் சென்னியப்பன்.

"சனிக்கிழமை வாங்க" என்றாள் பூங்கோதை.

வெள்ளிக்கிழமை அர்த்தநாரி வந்தார்.

"டீச்சருங்க, நாங்க வரப்போறோம். மார்க்கெட் பறக்கப்போகுது. இன்னுங் கொஞ்சம் வாங்கிப் போடலாம்னா அந்தாளு கையெழுத்துப் போடமாட்டேங்கறாரு."

"பறக்கும்னு எப்படித் தெரியுமுங்க?"

"எப்பவும் அப்படித்தானுங்களே. நாங்க இருந்தா ஏறும். அவங்க வந்தா..."

"சனிக்கிழமை வாங்கண்ணா."

சனிக்கிழமை மாலை இருவரும் படிக்கட்டில் எதிர்ப்பட்டார்கள். குறுகலான படி. தோள் உரசியது. இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள். உள்ளே பெஞ்சின் இந்தக் கடைசியில் ஒருவர், அந்தக் கடைசியில் ஒருவர்.

பலகையில் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு கோடு. இடமிருந்து வலமாக ஏறியும் இறங்கியும் போயிற்று. எண் இல்லை. வருடம் இல்லை.

"அர்த்தநாரியண்ணா, கீழ போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

அவர் போனார்.

பூங்கோதை மஞ்சள் சாக்பீஸைச் சென்னியப்பனிடம் நீட்டினாள்.

"உங்க கட்சி ஆண்ட காலமெல்லாம் இதுல எங்கன்னு தீட்டிக் காட்டுங்க பாக்கலாம்."

அவர் தயங்கவே இல்லை.

"இந்த ஏத்தம் நம்முளுதுங்க. ரோடெல்லாம் போட்டமே, அப்ப. இந்தப் பள்ளம் அவங்க. அந்த பட்ஜெட்டை மறக்க முடியுமுங்களா? இதா, மறுபடியும் ஏறுது பாருங்க, நாங்க வந்துட்டோம்."

எல்லாவற்றிலும் உயரமான இடத்தில் அவர் கை நின்றது. குரல் தணிந்தது.

"இது எங்க தலைவர் இருந்த காலமுங்க."

"நல்லதுங்கண்ணா. நீங்களும் போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

பூங்கோதை பலகையைத் திருப்பிவைத்தாள். பின்பக்கத்திலும் அதே கோடு.

அர்த்தநாரி வந்தார். சிவப்புச் சாக்பீஸை வாங்கிக்கொண்டார். அவரும் தயங்கவில்லை.

"இது நாங்க. ஊரூருக்கும் மில்லு வந்துச்சே. இந்தச் சறுக்கல் அவங்க புண்ணியம். இங்க மறுபடியும் நாங்க."

உயரமான இடத்துக்கு வந்ததும் அவரும் நின்றார்.

"இது எங்க தலைவர் இருந்த காலமுங்க."

சென்னியப்பனும் வந்து உட்கார்ந்ததும், பூங்கோதை பலகையைத் திருப்பினாள்.

மஞ்சள்.

திருப்பினாள்.

சிவப்பு.

மறுபடியும் மஞ்சள். அதே ஏற்றங்கள். அதே உச்சி.

"அது எங்க காலம்!" என்று எழுந்தார் சென்னியப்பன்.

"உங்க காலமா? கனவு கண்டீங்களா?" என்று எழுந்தார் அர்த்தநாரி.

விருந்து நாளுக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இந்தப் பள்ளத்துல எங்க ஃபவுண்ட்ரியே மூடற நெலமைக்கு வந்துச்சு. ஆரால? உங்களால!"

"அப்ப ஆண்டது நீங்கதான்! ரேசன் கடையில சக்கரைக்கு நின்னது எனக்கு மறக்குமா?"

"டீச்சருங்க, நீங்களே சொல்லுங்க. மார்க்கெட்டு இந்த உச்சிக்குப் போனப்ப ஆரு ஆட்சி?"

"மார்க்கெட்டுன்னு நான் சொல்லலீங்களே" என்றாள் பூங்கோதை.

எழுந்து போய் மேற்குப் பக்கச் சன்னலைத் திறந்துவிட்டாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வானத்தை ஒட்டி, கருநீலமாய், மலைத்தொடர் நின்றது. தினமும் நடைப்பயிற்சிக்குப் போகிறபோது அவர்கள் பார்க்கிற மலைதான்.

இருவரும் சன்னலைப் பார்த்தார்கள். பலகையைப் பார்த்தார்கள். மறுபடியும் சன்னலைப் பார்த்தார்கள்.

அர்த்தநாரிக்குத்தான் முதலில் விளங்கியது. மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தார்.

சென்னியப்பன் இன்னும் விரலை நீட்டியபடி நின்றிருந்தார். "அப்பறம் அந்தப் பள்ளம்... அந்த பட்ஜெட்டு..."

"அது யானை எறங்கற வழிங்கண்ணா."

பிறகு அர்த்தநாரியின் தொப்பை குலுங்க ஆரம்பித்தது.

"சம்பந்தி, உங்க தலைவரு மலை உச்சியில உக்காந்திருக்காரு."

"உங்க தலைவருந்தான் அங்க இருக்காரு. கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க" என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டு அவரும் வெடித்துச் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்தபின் அவர் கேட்டார். "அப்ப நெசமான மார்க்கெட்டுக்கு ஆரு ஆண்டாலும் ஒண்ணுதானுங்களா?"

"வரி போட்டா அசையும். எடுத்தாலும் அசையும். மழை ஏமாத்துனா அசையும். எங்கியோ ஒரு நாட்டுல சண்டை வந்தா அதுக்கும் அசையும். இதுல எது எவ்வளவு அசைச்சுதுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாதுங்கண்ணா."

"உங்களுக்கே தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க."

இருவரும் ஒன்றாகப் படி இறங்கினார்கள். ஏற்கெனவே குடித்திருந்தும் இன்னொரு டீ குடித்தார்கள். விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. காதுகுத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டார்கள். மருமகள் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டாள்.

ஓட்டு எண்ணும் நாள் வந்தது.

அர்த்தநாரியின் கட்சி ஜெயித்தது. மத்தியானத்துக்குள் மார்க்கெட் சரிந்தது. லேசான சரிவு இல்லை. டிவியில் பேசுகிறவர்கள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே பேசினார்கள்.

சென்னியப்பன் அன்று படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். கையில் லட்டுப் பெட்டி.

"டீச்சருங்க! விழுந்துருச்சு! பாத்தீங்களா? நான் சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்கண்ணா."

"அன்னிக்கு மலையைக் காட்டி என்னை மடக்கிட்டீங்க. இன்னிக்கு நெசமான மார்க்கெட்டுங்க! அவங்க வந்தாங்க, விழுந்துருச்சு! எங்க தெருவுல நெஞ்சை நிமித்திட்டு நடந்து வந்தேன். இந்தாங்க, லட்டு எடுங்க."

"நல்லா விழுந்துருச்சுங்களா?"

"நல்ல்லா விழுந்துருச்சுங்க! இப்படி ஒரு விழுகையை நான் பாத்ததே இல்ல. எந்தப் பங்கும் தப்பல!"

"இதழினியோடதும்?"

"அது மட்டும் தப்புமுங்களா? அதுவும் தலைகுப்புற..."

நின்றுவிட்டார்.

பெட்டியை நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் இருந்தது. கீழே கடையில் ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். உறுமி அடங்கியது.

"இது யாருக்கு வாங்குன லட்டுங்கண்ணா?" என்று கேட்டாள் பூங்கோதை.

அவர் காது மடல் சிவந்தது. பெட்டியைப் பார்த்தார். கீழே கடையில் டிவி சத்தம் கேட்டுக்கொண்டிருந்த பக்கம் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்.

அப்புறம் மூடியை அழுத்தி மூடினார். அவிழ்த்த நூலை எடுத்துச் சுற்றி, நிதானமாக முடிச்சுப் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்கண்ணா கெளம்பிட்டீங்க? வகுப்பு இருக்குதுங்களே."

"சம்பந்தி வூட்டுக்குங்க" என்றார் சென்னியப்பன். "ஜெயிச்சவரு அவருதானுங்களே."