புகைபோக்கிக்குள் விழும் சுள்ளிகள்

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஸ்காட்லாந்தின் எல்லை மலைகளில் நினியன் என்பவன் ஒரு கோபுர வீடு கட்டினான். மாடுகளை ஓட்டிப்போக வரும் கொள்ளையருக்குப் பயந்து கட்டிய வீடு. சுவரின் கனத்தில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம். வாசல் தரையில் இல்லை. மூன்று ஆள் உயரத்தில் இருந்தது. ஏணியில் ஏறிப் போய், ஏணியை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

"வாசலை ஆகாயத்தில் வைத்திருக்கிறாயே, வருகிறவன் பறந்தா வருவான்?" என்று சிரித்தாள் அவன் மனைவி எல்ஸ்பெத்.

"பறக்கத் தெரியாதவன் வரவே வேண்டாம்" என்றான் நினியன்.

கூரையில் காவலுக்கு ஒரு சின்னக் காக்கை. அப்போது அதற்கு உடம்பெல்லாம் கறுப்பு. எல்ஸ்பெத் தினமும் அதற்கு ஓட்ஸ் ரொட்டியைப் பிட்டுப் போடுவாள். "தின்றது போதும், கண்ணைத் திற, சோம்பேறி" என்பாள்.

ஒரு குளிர்காலக் காலையில் கொள்ளையர் வருவதாகச் செய்தி வந்தது. மாடுகளைக் காட்டுக்குள் விரட்டிவிட்டு வர எல்ஸ்பெத் போனாள். எங்கும் மூடுபனி. சற்று நேரத்தில் குளம்புச் சத்தம் கேட்டது.

"யாரென்று பறந்துபோய்ப் பார்" என்றான் நினியன்.

காக்கை புகைபோக்கியின் வெதுவெதுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. குளிரில் இறங்க மனம் வரவில்லை. "அவர்கள்தான் ஐயா, வேறு யார்?" என்றது.

நினியன் பதறி ஏணியை இழுத்தான். பாதியில் கை நழுவியது. ஏணி பாறையில் விழுந்து நொறுங்கியது. பனிக்குள்ளிருந்து எல்ஸ்பெத் வந்தாள். காட்டுக்குள் போக மறுத்த ஒரு பசு பின்னாலேயே வந்தது. கேட்டது அதன் குளம்புச் சத்தம்தான்.

அவள் ஏணித் துண்டுகளைப் பார்த்தாள். மேலே பார்த்தாள்.

"நான் பறக்கணுமா, நினியன்?"

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. போர்வையையும் இடுப்பு வாரையும் முடிந்து அவன் தொங்கவிட்டான். அவள் கைக்கு ஒரு முழம் எட்டவில்லை. அவளோடு ஓட அவன் கீழே குதித்திருக்கலாம். அது அவனுக்குப் பிறகுதான் தோன்றியது. அதற்குள் நிஜமான குதிரைகள் வந்துவிட்டன. அவள் பனிக்குள் ஓடினாள். திரும்பவே இல்லை.

நினியன் கதவை அடைத்துக்கொண்டு அணைந்த அடுப்பின் முன் உட்கார்ந்துவிட்டான். காக்கை புகைபோக்கிக்குள் கழுத்தை நுழைத்து ஒரு சுள்ளியைப் போட்டது.

"ஏணி செய்யுங்கள் ஐயா. அவள் வந்தால் ஏற வேண்டாமா?"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. காக்கை இன்னொன்றைப் போட்டது. அவன் செத்த பிறகும் போட்டது.

அன்று முதல்தான் அந்தச் சின்னக் காக்கையின் இனத்துக்கே கழுத்தில் சாம்பல் படிந்தது. கூரை இடிந்து ஆளற்றுப்போன கோபுரங்களின் புகைபோக்கிகளுக்குள் அவை இன்றும் ஒவ்வொரு சுள்ளியாகப் போட்டுக்கொண்டிருக்கின்றன.