அச்சில் பொருந்தாத கை

உயிரோடு இருந்த சிலம்பாயியைச் செத்தவள் என்று எழுதி, அவள் பங்கு நெல்லை நிறுத்திவிட்டார்கள். இது அடுக்குமா, நீங்களே சொல்லுங்கள்!

வெகு காலத்துக்கு முன்னால், ஆனைவேலி நாட்டைச் சித்திரபாணன் என்றொரு ராஜா ஆண்டான். நினைத்தால் தானம், நினைத்தால் தண்டனை. மழை பெய்த வருஷத்தில் குடிகளின் உள்ளங்கையை ஈரக் களிமண்ணில் பதித்து, அந்த அச்சுகளைச் சூளையில் சுட்டு வைத்தான். பஞ்சம் வந்தால், அந்த அச்சில் கை பொருந்துகிறவருக்கே நெல். பஞ்சமும் வந்தது. பட்டினியில் வற்றிய கை பழைய அச்சில் எப்படிப் பொருந்தும்?

"இது சிலம்பாயி கையில்லை. அவள் செத்தாச்சு, நீ அவள் பேய். போ!" என்றார் களஞ்சியத் தலைவர் ஏகநாதர்.

வீட்டில் மகள் எழுந்திருக்கவும் முடியாமல் கிடந்தாள். சிலம்பாயி, தன்னைப்போலவே பேயாக்கப்பட்ட நாற்பது பேரோடு அரசவைக்குள் நுழைந்தாள். பட்டப்பகல். அத்தனை பாதங்கள் நடந்தும் சத்தமே இல்லை. வாசல் நாய் வாலை இடுக்கிக்கொண்டது. காவலாளி ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

ராஜா சிம்மாசனத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டான். "பேயில்லை என்று நிரூபி! இல்லையென்றால் எல்லாரையும் வேப்பிலையால் அடித்து விரட்டுவேன்."

"என் அச்சைக் கொண்டுவரச் சொல்லுங்கள் மகாராஜா. உங்கள் பக்கத்தில் நிற்கும் களஞ்சியத் தலைவர் ஐயாவுடையதையும் சேர்த்து."

அவள் கையை வைத்தாள். சுற்றிலும் விரற்கடை இடைவெளி.

"பார்த்தீர்களா, பேய்!" என்று துள்ளினார் ஏகநாதர்.

"இப்போது ஐயா வைக்கட்டும்."

மோதிரங்களைக் கழற்றினார், அழுத்தினார். கை உள்ளே இறங்கவில்லை. "கொஞ்சம்... சதை போட்டுவிட்டது மகாராஜா!"

"என் கையில் காணாமல்போன சதைதான் போலிருக்கிறது."

யாரும் சிரிக்கவில்லை. நாற்பது ஜோடிக் குழிவிழுந்த கண்கள் இமைக்காமல் அந்தக் கையையே பார்த்தன. ராஜாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அப்படியென்றால் இத்தனை நாள் என் களஞ்சியத்தை ஆண்டதும் பேய்தானா?" என்று கத்தினான். அச்சுகளை உடைக்கச் சொன்னான். முதல் மூட்டையை ஏகநாதரே சுமந்து சிலம்பாயி வீட்டில் இறக்க வேண்டும் என்றான். சொன்ன கையோடு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனம்மா, அச்சும் இல்லையென்றால் ஒருவனே ஏமாற்றி இரண்டு தடவை வாங்கிவிடுவானே?"

சிலம்பாயி சொன்னாள்: "வாங்கினால் உங்கள் களஞ்சியத்தில் ஒரு படி நெல் குறையும், மகாராஜா. கொடுக்காமல் விரட்டினால் உங்கள் நாட்டில் ஓர் ஆள் குறையும். எது குறைந்தால் பரவாயில்லை என்று நீங்களே சொல்லுங்கள்."