சடகோபன் வயிற்று விருந்தாளிகள்

ஊருக்கு ஒரு பெருமை உண்டு. கோணப்பாக்கத்துக்காரர்களின் பெருமை, சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் கேட்பது. அதிலும் சடகோபனும் தம்பிகள் கோதண்டமும் எத்திராஜும் கெட்டிக்காரர்கள்.

அந்தச் சடகோபனுக்கு ஒரு மாதமாக மனசு சரியில்லை. ஏனென்று அவனுக்கே தெரியாது. அந்த உம்மணாமூஞ்சியைப் பார்த்தே நாலு சம்பந்தம் தட்டிப்போய்விட்டது. ஐந்தாவதாக, வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். இதுவும் போனால் இனி யார் வருவார்கள்?

தம்பிகள் அவனை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள்.

"குடலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கு. எல்லாம் கெட்டது இல்ல. அதுங்களுக்கும் மனசுக்கும் தொடர்பு உண்டு. பழைய சோறு, மோர், கீரைன்னு வேளைக்குச் சாப்பிட்டு அதுங்கள நல்லா கவனிச்சுக்குங்க. பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார் டாக்டரம்மா.

சடகோபனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பத்திரண்டு வருஷமாக வந்து தங்கியிருப்பவர்களை "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே! வீட்டுக்கு வந்ததும் தொப்புளைப் பார்த்துக் கும்பிட்டு, "வாங்க, வாங்க" என்றான். பிறகு பழைய சோற்றில் கை வைத்தான்.

கோதண்டம் கையைப் பிடித்துக்கொண்டான். "விருந்தாளிங்க பசியோட இருக்கச்சே நீ சாப்பிடலாமாண்ணே?"

"நான் சாப்பிட்டாத்தானேடா அவங்களுக்குப் போகும்?"

"உன் வாயில போட்ட எச்சிலையா அவங்களுக்குப் போடுவ?"

நியாயம்தான். சடகோபன் பட்டினி கிடந்தான். சாயங்காலம் வயிறு கடமுடவென்றது. எத்திராஜ் காதை வைத்துக் கேட்டான்.

"என்னடா சொல்றாங்க?"

"ஒண்ணும் புரியலண்ணே. கோடிப் பேரும் ஒரே நேரத்துல பேசுறாங்க."

மறுநாள் எத்திராஜுக்கு வழி தோன்றியது. அண்ணனை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றின்மேல் தலைவாழை இலை விரித்து, பழைய சோற்றைப் பரிமாறினார்கள். யாராவது பார்த்தால் விருந்தாளிகள் கூச்சப்படுவார்கள் என்று மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், இலை நிறையக் கறுப்பு எறும்பு.

"கண்ணுக்குத் தெரியாதுன்னாங்க. ஒரு வேளை கவனிச்சதுக்கே எப்படித் தேறிட்டாங்க பாரு" என்றான் கோதண்டம்.

எறும்புகள் விலாவில் இறங்கியதும் சடகோபன் கெக்கெக்கே என்று சிரித்தான். ஒரு மாதத்துச் சிரிப்பு. தம்பிகளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் எறும்புகள் வரிசையாகப் போய்ச் சுவர்ப் பொந்துக்குள் நுழைந்தன. சடகோபனின் சிரிப்பு நின்றது.

"வயித்தைக் காலி பண்ணிட்டுப் போறாங்களேடா. என் மனசு?"

"அதுவும் அவங்க கூடத்தாண்ணே போயிருக்கும்" என்றான் எத்திராஜ்.

வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பா வரதராசு மனைவியோடு வந்தார். வீடு பிடித்தது, காப்பியும் பிடித்தது. "மாப்ள, மனப்பூர்வமா சம்மதம்தானே?" என்றார்.

சடகோபனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்குச் சம்மதங்க. மனசு என் வயித்து விருந்தாளிங்க கோடிப் பேரோட அந்தப் பொந்துல இருக்கு. அதையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

போச்சு, இதுவும் போச்சு என்று தம்பிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வரதராசு எழுந்தார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பொந்தின் முன் குனிந்தார். "பொண்ணு குடுக்கலாம்னு வந்திருக்கோம். உங்களுக்குச் சம்மதங்களா?"

ஒரு எறும்பு சோற்றுப் பருக்கையைக் கவ்விக்கொண்டு வந்தது. அவர் கால் விரல்மேல் ஏறி, பருக்கையை நழுவவிட்டு உள்ளே போய்விட்டது.

"அட்சதையே போட்டுட்டாங்க" என்று வரதராசு தழுதழுத்தார். சடகோபனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவர் மனைவிக்குத்தான் ஒரு சந்தேகம். "கோடிப் பேரு இருக்காங்கன்றீங்க. ஒருத்தர்தானே போட்டாரு? மத்தவங்க மனசு கோணக் கூடாதுங்களே."

அதுவும் நியாயம்தான். வரதராசு பொந்துக்கு நேராகக் காலை நீட்டி உட்கார்ந்தார். இரண்டு மாதமாகியும் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் எப்போது என்று யாராவது கேட்டால் சடகோபன் வாயெல்லாம் பல்லாகச் சொல்கிறான்:

"நெருங்கிடுச்சுங்க. அட்சதை போடக் கோடிப் பேர் பாக்கி இருந்தாங்க. அதுல இப்ப பதினேழு பேர் குறைஞ்சிட்டாங்க."