கனகவல்லி டீச்சரின் நண்டுப் பாடம்

ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அங்கே கனகவல்லி என்ற மந்தி, விலங்குக் குட்டிகளுக்கு ஒரு பாலர் பள்ளி நடத்தி வந்தது. நரிக்குட்டி, பன்றிக்குட்டி, முயல்குட்டிகள், கீரிப்பிள்ளைகள் எல்லாம் அங்கே படித்தன. சேற்று வளையிலிருந்து ஒரு நண்டுக் குஞ்சும் வரும். அதன் பெயர் வளையன். யார் காலிலும் மிதிபடாமல் இருக்க எப்போதும் முன்வரிசையில்தான் உட்காரும்.

மழைக்காலத்தில் கடல் பொங்கிக் காட்டுக்குள் வரும். கூடவே கடல் உயிர்களும் வரும். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று குட்டிகளுக்குத் தெரிய வேண்டுமே! பெயர்களைச் சொல்லிச் சொல்லி கனகவல்லிக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். காலையில் சொன்னது மாலையில் மறந்துபோகும்.

ஒருநாள் அதற்கு ஒரு யோசனை வந்தது. நுங்கை எடுத்து, அதன் அடியில் இளநீர் வழுக்கையை மெல்லிய நூலாகக் கிழித்துத் தொங்கவிட்டது.

"இது என்ன சொல்லுங்கள்!"

"சொறிமீன்!"

"கடலில் பார்த்தால் தொடலாமா?"

"கூடாது! உடம்பெல்லாம் அரிக்கும்!"

"இதைத் தின்னலாமா?"

"தின்னலாம்! தின்னலாம்!"

ஒரே உறிஞ்சலில் சொறிமீன் காணாமல் போனது. அந்தப் பெயரை அதன் பிறகு யாரும் மறக்கவில்லை. அடுத்த நாள் பாதி விளாம்பழம் ஆமை ஆனது. வாழைப்பழத்தின் நுனியை எட்டாகக் கீறியதும் எட்டுக் கையுள்ள பேய்க்கணவாய் வந்துவிட்டது. குட்டிகள் விடிந்ததும் பள்ளிக்கு ஓடி வந்தன.

"எங்கள் டீச்சர் மாதிரி யாருக்கு வரும்!" என்று தாய்மார்கள் பேசிக்கொண்டார்கள். கனகவல்லியின் வால் தானாக நிமிர்ந்தது.

அப்புறம் நண்டுப் பாடம் வந்தது. 'வளையனுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!' என்று நினைத்தபடி கனகவல்லி பார்த்துப் பார்த்துச் செய்தது. உடலுக்குப் பழுத்த அத்திப்பழம். கால்களுக்குப் பனங்கிழங்குக் குச்சிகள். கண்களுக்கு மணத்தக்காளி. கொடுக்குகளுக்கு வளைந்த கொடுக்காப்புளி.

"இது யார்?"

வளையன் துள்ளி எழுந்து சின்னக் கொடுக்கை உயர்த்தியது. "எங்க அம்மா!"

எல்லாக் குட்டிகளும் சிரித்தன. கனகவல்லியும் சிரித்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாகக் கைதட்டிக் கேட்டது: "சரி, முதலில் எந்தக் காலை ஒடிக்கலாம்?"

"இந்தக் கால்! இல்லை, அந்தக் கால்!"

கடுக்! கடுக்! பனங்கிழங்குகள் ஒடிந்தன. பன்றிக்குட்டி உடலைக் கவ்வியது. குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

வளையனின் காம்புக் கண்கள் இரண்டும் மெல்ல ஓட்டுக்குள் போய்விட்டன. கனகவல்லி அதைப் பார்த்தது. நன்றாகவே பார்த்தது. ஆனால் வகுப்பே குதூகலமாக இருந்தது. அதை நிறுத்த மனம் வரவில்லை. ஒரு துண்டுக் காலை எடுத்து, "நீயும் சாப்பிடு கண்ணு!" என்று நீட்டியது. வளையன் அதைத் தொடாமல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வீட்டுக்குப் போய்விட்டது.

அன்று மாலை நீர் வற்றியதும் குட்டிகள் சேற்றுக் கரையில் விளையாடப் போயின. அங்கே வளையன் தனியாக இருந்தது. நரிக்குட்டி அதைப் பாதத்தால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கனகவல்லியின் குரலிலேயே கேட்டது: "முதலில் எந்தக் காலை ஒடிக்கலாம்?"

கடுக்!

வளையன் அலறியது. நரிக்குட்டி மிரண்டுபோய் வாயிலிருந்ததைக் கீழே போட்டது. "இது இனிக்கவே இல்லையே!" என்று சொல்லி அதுவும் அழ ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் தாய் நண்டு பள்ளிக்கு வந்தது. தாய்மார்கள் எல்லாரும் குட்டிகளை விட வந்திருந்த நேரம் அது.

"டீச்சரம்மா, இந்த விளையாட்டைப் பிள்ளைங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

அத்தனை தாய்மார்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பேர்தான் சொல்லிக் கொடுத்தேன். இந்த நரிக்குட்டி கொஞ்சம் முரடு, அதான்..."

"டீச்சர், நீங்கதானே..." என்று நரிக்குட்டி சொல்ல வாயெடுத்தது. அதற்குள் தாய் நரி அதன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தது. குட்டி வாயை மூடிக்கொண்டது. ஆனால் பார்வையைத் திருப்பவில்லை. கனகவல்லியால்தான் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அது மரத்தைப் பார்த்தது, தரையைப் பார்த்தது, தன் வாலைப் பார்த்தது.

தாய் நரி தன் குட்டியை வீட்டுக்கு இழுத்துப் போனது. மற்ற தாய்மார்களும் போனதும் குட்டிகள் வழக்கம்போலக் கத்தின: "டீச்சர், இன்னிக்கு யாரைத் தின்னப் போறோம்?"

கனகவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. 'எதை' என்று கேட்கவில்லை, 'யாரை' என்று கேட்கின்றன! அதைப் பழக்கியது யார்?

குட்டிகளை அனுப்பிவிட்டு அது நேராக நரியின் குகைக்குப் போனது. நரிக்குட்டி மூலையில் சுருண்டு கிடந்தது.

"அடி வாங்க வேண்டியவள் நான்தான்," என்றது கனகவல்லி தாய் நரியிடம். "உங்கள் பிள்ளை நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தான். என் மானம் போகக் கூடாது என்று அவன்மேல் பழியைப் போட்டேன்."

தாய் நரி குட்டியை இழுத்து முதுகை நக்கிக் கொடுத்தது. கனகவல்லிக்கு அது ஓர் அறையைவிட அதிகமாக வலித்தது.

அடுத்து கனகவல்லி சேற்றில் இறங்கியது. முழங்கால்வரை புதைந்தது. கரையிலிருந்து எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். நண்டு வளையின் முன்னால் குனிந்து, கரையில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னது:

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன். உன் பிள்ளை கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. காலையில் பொய்யும் சொன்னேன்."

உள்ளிருந்து குரல் வந்தது. தாய் நண்டு வெளியே வரவில்லை.

"கால் போனது பெரிசில்லை டீச்சரம்மா. ஓடு கழட்டும்போது புதுசா முளைச்சிடும். ஆனா அவன் என்னைக் கேட்கிறான், 'அம்மா, நான் தின்பண்டமா?'ன்னு. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

கனகவல்லியின் கண்ணீர் சேற்றில் சொட்டியது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டது: "அவன் என்ன விரும்பிச் சாப்பிடுவான்?"

"உதிர்ந்த அலையாத்தி இலை. சேத்துல ஊறணும்."

மறுநாள் வகுப்பில் பழம் இல்லை. ஆளுக்கு ஓர் ஊறிய இலை இருந்தது.

"இன்றைக்கு நாம் எல்லாரும் நண்டு," என்றது கனகவல்லி. "பக்கவாட்டில் நடந்து வந்து, இரண்டு விரலால் கிள்ளிச் சாப்பிட வேண்டும்!"

குட்டிகள் தடுக்கி விழுந்து நடந்தன. இலையைக் கிள்ளி வாயில் போட்டன.

"தூ! உப்பு!"

"கசக்குது டீச்சர்!"

"இதையா வளையன் தினமும் சாப்பிடறான்?" என்று பன்றிக்குட்டி வாயைப் பிளந்தது.

நரிக்குட்டி மட்டும் துப்பவில்லை. கண்ணில் நீர் வர மென்று விழுங்கியது. பிறகு நல்ல இலைகளாகப் பொறுக்கிக் கொண்டுபோய் நண்டு வளையின் வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தது. அன்று யாரும் வெளியே வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நரிக்குட்டி தினமும் போனது.

ஒரு காலையில் குட்டிகள் மறுபடியும் நண்டாகி இலை மென்றபோது கரையோரமாக ஒரு சின்னக் குரல் கேட்டது: "அப்படி மெல்லக் கூடாது. ஓரத்திலிருந்து சுரண்டணும்!"

வளையன்தான். குட்டிகள் ஆரவாரம் செய்தன. "எப்படி? எப்படி? காட்டு!" என்று அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன.

கனகவல்லியும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தது. வளையனை நேருக்கு நேர் பார்க்க அதற்கு அன்றும் துணிவு வரவில்லை. தாய்மார்கள் பழையபடி புகழ ஆரம்பித்தபோது, "வேண்டாம்" என்று தலையைக் குனிந்துகொண்டது.

பத்துப் பேர் சிரிக்கும் விளையாட்டில் ஒருவர் முகம் வாடினாலும், அந்த இடத்திலேயே விளையாட்டை நிறுத்திவிட வேண்டும்.